குறுக்குக் கம்பி வைத்த சைக்கிள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. எங்களுக்கு மரக்காணம். மழைக்காலத்தில் இங்கே உப்பளமெல்லாம் ஏரி மாதிரி நிற்கும். தை பிறந்து தண்ணீர் வடிந்த பிறகுதான் வரப்பு கட்டி, பாத்தி மிதித்து வேலையைத் தொடங்குவார்கள். அம்மா உப்பு வாருகிற வேலைக்குப் போகிறவர். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள் நான். படித்து முடித்து, ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. மதியம் போனால் ராத்திரிதான் திரும்புவேன்.

வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வேண்டும். லீவு நாளில் ரிசார்ட் நண்பர்களோடு இரும்பை கிராமத்துப் பக்கம் செம்மண் பாதையில் ஓட்டவும் அதே சைக்கிள் தாங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் என்னால் வாங்க முடியும். அதனால் அந்த மழைக்காலம் பூராவும் வீடியோ பார்த்தேன். முன்னால் சஸ்பென்ஷன் அவசியமா, உப்புக் காத்துக்கு டிஸ்க் பிரேக் தாங்குமா, டயர் எவ்வளவு அகலம் இருக்கணும் என்று முகம் தெரியாத ஆட்களிடம் எல்லாம் கமெண்டில் கேட்டேன். அவர்களும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "நீ மதியம்தான போற? அப்ப காலைல வண்டி சும்மாதான நிக்கும்?"

"ஆமாம்மா. பூட்டி வெச்சிடுவேன், பயப்படாத" என்றேன்.

அம்மா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த வருஷம் இன்னொரு விஷயமும் நடந்தது. பக்கத்து உப்பளத்தில் மழை வரப்பை அறுத்துவிட்டதால், இந்தத் தடவை கழுவெளி ஏரிப் பக்கம்தான் வேலை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். நடந்து போகிற தூரமில்லை. வெயில் ஏறுகிறதுக்குள் பாதி வேலையை முடிக்கணும் என்பதால் விடியும்போதே அங்கே நிற்க வேண்டும். மொபெட்டில் கொண்டுபோய் விட வீட்டுக்காரர் இருக்கிற பெண்கள் சரி என்றார்கள். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"எப்படிம்மா போவ?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

ஷேர் ஆட்டோ ஏதாவது பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சைக்கிள் வாங்க புதுச்சேரிக்கு அம்மாவும் வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் வந்தார். கடைக்காரர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு பச்சை சைக்கிளை வெளியே இழுத்து நிறுத்தினார்.

"இது பாருங்க தம்பி. ரோட்டுக்கும் ஓடும், மண்ணுக்கும் ஓடும். டயர் நல்ல அகலம். நீங்க சொன்ன ரேட்டுக்குள்ளயே வந்துடும். குறுக்குக் கம்பி கீழ எறங்கி இருக்குது பாருங்க, வீட்ல யார் வேணும்னாலும் ஏறிக்கலாம்."

அம்மா கிட்டே போய் அதன் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். எனக்கோ ரிசார்ட் நண்பர்கள்தான் கண்முன்னால் வந்தார்கள். எங்களில் ஒருத்தன் ஒருநாள் தங்கச்சியின் சைக்கிளில் வேலைக்கு வந்துவிட்டான். அன்றைக்குப் பூராவும் அவனை 'மேடம், மேடம்' என்றே கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

"இல்லண்ணே, செம்மண் ட்ரெயிலுக்கு ஃபிரேம் ஸ்ட்ராங்கா இருக்கணும். அந்தக் கறுப்பு எடுங்க" என்றேன்.

"அது கொஞ்சம் ஒசரம். வேற யாரும் ஓட்ட மாட்டாங்கல்ல?"

"நான் மட்டும்தான்."

அம்மா பச்சை சைக்கிளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, புது சைக்கிளை ஊர் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது அம்மா வந்த பஸ் என்னை முந்தியது. ஜன்னலிலிருந்து அம்மா கையை ஆட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவரும் உப்பளத்துக்குப் போகிறவர்தான்.

"என்னாடி, ஒம்புள்ள குதிரைய ஓட்டிக்கிட்டு வந்திருக்கான்? ஏணி எங்கடி?"

அம்மா சிரித்தார். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்பா, அம்மாவ ஒரு வார்த்தை கேட்டியா?"

"அம்மாவும்தான்க்கா கடைக்கு வந்துச்சு" என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கழுவெளிப் பக்கம் வேலை தொடங்கிய அன்று விடியற்காலை, தெருவில் ஏதோ விழுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். வெளியே ஓடினால், தெருமுனையில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். உப்பளத்துக்குப் போகிற கோலம்: தூக்கிச் செருகிய புடவை, மேலே என்னுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார். புடவை அந்தக் குறுக்குக் கம்பியில் இன்னும் சிக்கியிருந்தது. யார் வீட்டுப் படியிலோ ஏறி நின்று சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார். தெருமுனை வரை ஓட்டியும் இருக்கிறார். எதிரே வந்த ஆளுக்காக நிறுத்தியபோதுதான் கால் தரைக்கு எட்டவில்லை.

நான் ஏதோ கோபத்தில் கத்தினேன். "ஓட்டத் தெரியாம எதுக்கும்மா எடுத்த?"

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கூட வந்த பக்கத்து வீட்டு அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"யாருக்குடா ஓட்டத் தெரியாது? மழை பூரா எம்பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்ததும், அந்த கவர்மெண்ட் சைக்கிள வாங்கி வுழுந்து எழுந்து கத்துக்கிச்சு உங்கம்மா. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிச்சு. புது வண்டி வந்ததும் ஓட்டிக் காட்டுவாங்களாம். காலைல இவங்க, மதியம் நீயாம். அதுக்குத்தான் மேஸ்திரிகிட்ட வர்றேன்னு சொல்லிட்டு வந்தது. நீ என்னடான்னா..."

"அவன எதுக்குத் திட்ற? கால் எட்டல, அவ்ளோதான்" என்றார் அம்மா. வலியில் முகம் வெளுத்திருந்தது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் மேஸ்திரி அம்மா இடத்தில் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது; பாத்தியில் விளைந்த உப்பு ஆளுக்காகக் காத்திருக்காது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் ஈர உப்பைப் பலகையால் இழுக்கிற பலம் அந்தக் கைக்குத் திரும்ப வரவில்லை. இப்போது அம்மா உப்புப் பாக்கெட் போடுகிற ஷெட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறார். கூலி குறைச்சல். அதைவிட, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஒன்றாக வேலை செய்த அந்தப் பெண்கள் கூட்டம் அங்கே இல்லை.

கட்டுப் பிரித்த வாரமே கறுப்பு சைக்கிளை விற்றுவிட்டு, கைக்காசும் போட்டு அந்தப் பச்சை சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "நல்லா இருக்குதுப்பா. நீயே ஓட்டு. எனக்கு இனிமே பயமா இருக்குது" என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருவார், அவ்வளவுதான்.

அந்த சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். செம்மண் பாதையிலும் அதுதான். எந்தப் பள்ளத்திலும் அது என்னைக் கைவிட்டதில்லை. முதல் நாள் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். மறுநாள் ஒருத்தன் மட்டும் செய்தான். அதற்கு அடுத்த நாள் அவர்களுக்கு வேறு பேச்சு கிடைத்துவிட்டது. நான் அவ்வளவு பயந்தது அந்த இரண்டு நாள் சிரிப்புக்குத்தான்.

எங்கள் தெருவில் எல்லாரும் அந்த மழைக்கால சாயங்காலங்களைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். அம்மா தேங்கின தண்ணியிலேயே சைக்கிளை விட்டு அடிப்பாராம், 'வழி வுடுங்கடா' என்று பசங்களை விரட்டுவாராம், சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பாராம். எந்த சைக்கிள் வாங்கலாம் என்று உலகத்தையே கேட்டுக்கொண்டிருந்த நான் மட்டும், என் அம்மா சைக்கிள் ஓட்டி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.