முப்பதில் போன வண்டி

எங்கள் தெருவில் நூறைத் தாண்டக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அம்மாவின் தம்பியான என் மாமாவுடையது. கறுப்பு நிறம், நூற்றைம்பது சிசி. அதன் கண்ணாடியில் தலை சீவக்கூட அவர் யாரையும் விடமாட்டார்.

அது 2004. எனக்கு ஒன்பது வயது. திருத்தங்கலில் மாமா வேலை பார்த்த அச்சகத்தில் பிள்ளைகள் விளையாடும் சீட்டுகள் அச்சாகும். ஒவ்வொன்றிலும் ஒரு பைக், கார் அல்லது போர் விமானத்தின் படம். கீழே எடை, குதிரைத்திறன், உச்சவேகம். வெட்டும்போது கோணலாகிப்போன சீட்டுகளை எனக்குக் கொண்டுவருவார். வாய்ப்பாட்டில் தடுமாறிய எனக்கு, எந்த ஜப்பான் பைக் முந்நூறைத் தொடும், எந்த விமானம் ஒலியை முந்தும் என்பதெல்லாம் மனப்பாடம். என் வகுப்பில் ஒருத்தி, தன் அண்ணன் வண்டியில் முள் தொண்ணூறுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவள். நான் நூறைப் பார்த்தாக வேண்டும்.

தீபாவளி சீசன். ஒரு சனிக்கிழமை, அம்மா தீப்பெட்டி கம்பெனிக்குப் போன பிறகு, "சாத்தூர் போறேன், வாரியா?" என்று மாமா கேட்டார். "யூனிபார்ம் போட்டுக்க பாப்பா."

லீவு நாளில் யூனிபார்ம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு துணிப்பையை வைத்தார். அதில் இருந்தது கருந்திரி, வெடிகளுக்கு வைக்கிற, கருமருந்து ஏறிய திரி. லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டில் செய்தது. பள்ளிக்கூடப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் போலீஸ் வண்டியை நிறுத்தாது என்று நினைத்திருக்கிறார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது பதினைந்து வருடம் கழித்து. அன்று சொன்னது ஒன்றுதான்: "பை சைலன்சர் பக்கம் சரியாமப் பிடிச்சுக்க."

முள் முப்பதில் நின்றது. அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன்.

"நூறு போங்க மாமா."

அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்தார்.

"அம்பதாச்சும்?"

"சும்மா வாட்டி."

வேகத்தடை வந்த இடங்களில் இறங்கி வண்டியை உருட்டினார். பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்திப் போனது.

சாத்தூருக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நாங்கள் முதல் வரிசையில் நின்றோம். பின்னால் ஒரு பேருந்து. பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் பீடியை உதட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினார். காற்றில் அணைந்தது. மாமாவின் கை பின்னால் வந்து பையை மூடிக்கொண்டது.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் புகை ஆகாது."

"வெட்டவெளியில என்னய்யா புகை?" அவர் இரண்டாவது குச்சியை எடுத்தார்.

மாமா காலால் உந்தி வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார். பேருந்து ஹாரன் அடித்தது. "ஊரே முன்னால போகப் பாக்குது, நீங்க பின்னால போறீக!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வெட்கம் தாங்காமல் அவர் முதுகில் குத்தினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எங்கள் முன்சக்கரம் நின்றிருந்த இடத்தில் அந்தக் குச்சி எரிந்தபடியே விழுந்தது.

சாத்தூரில் ஒரு சந்துக்குள் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அப்போதும் முள் நாற்பதைத் தாண்டவில்லை. பை போன பிறகும், ரோட்டோரம் யாராவது பீடி பற்றவைத்தால் மாமா பிரேக் பிடித்தார்.

அம்மா சீக்கிரமே வந்து வாசலில் நின்றிருந்தாள்.

"பிள்ளைய எங்கலே கூட்டிட்டுப் போன?"

"சும்மா ஒரு ரவுண்டுதான்க்கா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எம்புட்டு வேகம்டி போனான்?"

மாமா என்னைப் பார்த்தார். முப்பது என்கிற அவமானம் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என எனக்குத் தோன்றியது. அவரைக் காப்பாற்ற முடிவு செய்தேன்.

"நூத்திப் பத்தும்மா."

அம்மா அவரை அறைந்தாள். "பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒனக்கு நூத்திப் பத்து கேக்குதோ?" இன்னொரு அறை.

பொய் சொன்னதை ஒப்புக்கொள்ள நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "தப்புத்தான்க்கா. கொஞ்சம் முறுக்கிட்டேன்."

செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கிய மனிதரின் முகத்தில் அத்தனை நிம்மதி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. நூற்றுப் பத்து போனதாக ஊர் நம்பிவிட்டால் போதும் என்று சந்தோஷப்படுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.