மங்குப்பேட்டை

மலேசியாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு பேரரசின் தலைநகரம் இருந்தது. கட்டியவர்கள் இரண்டு பேர்: நானும் பக்கத்து வீட்டுக்காரியும். எழுபதுகளின் தொடக்கம், எங்களுக்கு ஒன்பது வயது. கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்தான் அரண்மனை. அதற்குக் கிழக்கே, மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில் உடைந்தவற்றைப் பொறுக்கி வந்து, குப்புற வைத்து, அவள் ஒரு பேட்டை எழுப்பினாள். ரப்பர் கொட்டைகள் குடிமக்கள். அரண்மனையிலிருந்து நான் துரத்தியவர்களையெல்லாம் அவள் மங்குப்பேட்டையில் குடிவைத்துவிடுவாள். எனக்கு அது பிடிக்காது. சட்டம் போடுவதில் அப்போதே நான் கெட்டிக்காரி.

அந்த நாட்களில் பெரியவர்கள் கூடினால் கார்டுப் பேச்சுதான். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாளக் கார்டு, இல்லாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டுமாம். எனக்குப் பாதிதான் புரிந்தது. பாதி புரிந்தால் போதாதா? நகரத்துக்கு வாசல் வைத்தேன். பழைய நோட்டின் நீல அட்டையை வெட்டிக் கார்டு செய்தேன். அரண்மனை ஆட்களுக்கே அட்டை தீர்ந்துவிட்டது. மங்குப்பேட்டைக்கு, சீனப் பெருநாளில் வெடித்த பட்டாசுக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தேன். சிவப்பு.

"இது வேணாம்லா. நீலம் குடு."

"முடிஞ்சிருச்சு. செவப்புன்னா வாசலுக்கு வெளியதான்."

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ கொட்டைகளை ஒன்று விடாமல் பாவாடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். ரொம்பத்தான் பிகு பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் அப்பாவுக்குச் சிவப்புக் கார்டு. பெர்மிட் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அவர்களை ஏற்றிப்போக லோரி வந்த காலையில், புது நோட்டின் அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல நீலம். அவள் சாமான்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்திருந்தாள். வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இத காட்டுனா எங்கள இருக்க விடுவாங்களா?"

"விடுவாங்க" என்றேன்.

அவள் அதைப் பக்கத்திலிருந்த அப்பாவிடம் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த தம்முடைய கார்டை எடுத்து, என் அட்டையை அதோடு சேர்த்து உள்ளே வைத்து, பைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டார்.