பழைய பெயருக்கு வந்த உத்தரவு

சட்டசபைக் கனவான்கள் இரண்டு நாள் மூச்சுவிடாமல் விவாதித்து, பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு இனி அந்தப் பெயர் கூடாது என்று சட்டம் செய்தார்கள். பெயர் நோயாளிகளின் மனதைப் புண்படுத்துகிறதாம். அடைத்து வைப்பது புண்படுத்துவதாக எந்த உறுப்பினரும் சொன்னதாகத் தெரியவில்லை. கையோடு நிர்வாகத்தையும் சீர்திருத்தினார்கள். சூப்பரின்டெண்ட் பதவி ஒழிந்தது. இயக்குநர் பதவி பிறந்தது. பதவி பிறந்த வேகத்தில் ஆள்தான் பிறக்கவில்லை.

இதெல்லாம் ஓரிக்கைக் கமலவேணிக்குத் தெரியாது. அவள் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போகிறவள். பழைய பாவு முடியும் இடத்தில் புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்ப்பாள். ஆயிரக்கணக்கான இழைகள். அவள் கையில் ஒன்றும் தப்பியதில்லை. தம்பி துரைக்கண்ணு ஒருவன்தான் தப்பினான். நான்கு வருஷத்துக்கு முன் அவன் தாமல் ஏரிக்கரையில் நின்று மூன்று நாள் ஓயாமல் பேச, மாஜிஸ்திரேட் அவனைப் பட்டணத்துக்கு அனுப்பினார். இப்போது குணமாகிவிட்டான் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். கமலவேணியும் காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் பதினோரு நடை நடந்து, அவனை விடுவிக்கும் உத்தரவை வாங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஏணிமேல் ஒரு பெயிண்டர் புதுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கீழே, வாசல் காவலாளின் கண்ணெதிரில், பெயிண்ட் டப்பாவோடு நின்றவன் துரைக்கண்ணு.

"அக்கா, கூட்டிக்கினு போக வந்தியா?"

"ஆமாண்டா. டப்பாவைச் சிந்தாதே, தோ வந்துட்டேன்."

உள்ளே குமாஸ்தா கலியாணசுந்தரம் உத்தரவை இரண்டு தரம் படித்தார்.

"இந்தாம்மா, இது பழைய ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்டுக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரி இப்ப இல்லை."

"இல்லியா? அப்ப நான் எங்கய்யா நிக்கிறேன்?"

"புதுசுல."

"அப்ப என் தம்பி?"

"இருக்கறது புதுசுல. சேர்த்தது பழசுல. கோர்ட்டுக்குப் போய்ப் புதுப் பேர் போட்டு வாங்கிக்கினு வா."

இன்னும் பதினோரு நடையா? கமலவேணிக்கு இது பாவு முடிந்த இடமாகத்தான் தெரிந்தது. பெயிண்டரிடம் ஒரு துண்டுக் காகிதத்தில் புதுப் பெயரை எழுதி வாங்கினாள். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் சோற்றுக் கஞ்சி கேட்டாள். உத்தரவில் பழைய பெயர் இருந்த இடத்தில் அந்தத் துண்டை விளிம்பு தெரியாமல் ஒட்டிக் காயவைத்து, ஒரு மணி நேரத்தில் மேசைக்குத் திரும்பினாள்.

கலியாணசுந்தரம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தட்டெழுத்துக்கு நடுவே பெயிண்டர் கையால் எழுதிய எழுத்து இருந்திராவிட்டால் பிரம்மாவாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"இன்னாம்மா இது?"

"பிணைச்சிருக்கேன்யா. விடாது, இழுத்துப் பாருங்க."

அவருக்கு உண்மையிலேயே பிரமிப்புத்தான். அந்தப் பிரமிப்போடேயே, கோர்ட்டுக் காகிதத்தைத் திருத்தியது குற்றம் என்றும், இயக்குநர்தான் முடிவு செய்யவேண்டும் என்றும் சொல்லி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அவரு எப்ப வருவாரு?"

"நியமிச்சதும்."

"நான் கோர்ட்டுலயே புதுசு வாங்கிக்கிறேன்யா."

"பழசைக் காட்டினாத்தாம்மா புதுசு தருவாங்க."

கமலவேணி பீரோவைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். பலகை பளபளவென்று தொங்கியது. துரைக்கண்ணு கை கால் கழுவி, துணி மூட்டையோடு தயாராக நின்றான்.

"போலாமா அக்கா?"

அவன் முழங்கையில் ஒட்டியிருந்த பெயிண்டை முந்தானையால் துடைத்தாள். அது போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"இருடா," என்றாள். "பலகை காயட்டும்."