செடி குடிக்கும் தண்ணீர்

வளைகுடா நாட்டில் வீதியோரப் பூச்செடிகளுக்கு வருடக்கணக்காகத் தண்ணீர் பாய்ச்சிய அனீபா, சிறுநீரகம் பழுதாகி ஓட்டமாவடிக்குத் திரும்பினார். மனம் சோர்ந்து கிடந்தவரை டொக்டர்தான் பூக்கன்று வளர்க்கச் சொன்னார். இப்போது அவற்றை விற்றுத்தான் குடும்பம் நடக்கிறது.

மகள் முப்லிஹாவின் கணவன் அஸ்பாக்குக்கும் அதே வேலைக்கு விசா வந்தது.

"போகவேணாம் மருமகன். அந்த வெயில் ஆளைத் திண்டிரும்."

"கையில குழாய் இருக்கக்குள்ள தண்ணிக்கா பஞ்சம், மாமா?" என்று அஸ்பாக் சிரித்தான்.

"அது கழிவுத் தண்ணி. செடிதான் குடிக்கும். நல்ல தண்ணி தூரத்துல நிக்கிற கொம்பனி லொறியில இருக்கும். வேலைய விட்டுட்டு அங்க போனா ஏச்சுத்தான்."

அஸ்பாக் போய்விட்டான். அடுத்த மாதம் போன் எடுத்தான்.

"பகல்ல தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் அனீபா.

"பின்னேரம் றூமுக்கு வந்து குடிப்பன் மாமா."

"வந்திருங்க மருமகன்."

"பாஸ்போட் கொம்பனிக்காரன்ட கையில, மாமா."