கேமரா காணாத வெடிப்பு

வேலை முடிந்து கிளம்பிய அங்கிளின் நீலச் சாப்பாட்டுப் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியதைக் கவனித்தவன் நான்தான். சாப்பிட்டு முடித்த பை அப்படித் தொங்காது.

செவன் ஹில்ஸ் புறநகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அவர் பரிசோதகர், யாழ்ப்பாணத்துக்காரர்; வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அங்கிள். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து தூக்கும் கருவிக்கான எஃகுப் பின்களை, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். தரப் பொறியாளராகச் சேர்ந்த நான் அதை நிறுத்திவிட்டு, பின்களை அளக்கும் கேமராவைத் தேர்ந்தெடுத்தேன்.

"கமெரா அளவைத்தான் பாக்கும் தம்பி. வெடிப்பைப் பாக்காது" என்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் அவர் எது செய்தாலும் எனக்குச் சந்தேகம். நான் இல்லாதபோது என் மேசையருகே ஏன் நிற்கிறார்? நகக்கண்களில் ஏன் சிவப்புக் கறை? பை கனத்த மறுநாள் காலை, நான் ஒப்புதல் தந்திருந்த பெட்டியை எண்ணினேன். ஆறு பின்கள் குறைந்தன. மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஓம், எடுத்தனான். வீட்டை கொண்டுபோய்ச் சாயம் பூசிப் பாத்தனான். கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

ஆறையும் மேசையில் வைத்தார். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவியிருந்தார். இரண்டின் கழுத்தில் மட்டும், வெடிப்புக்குள் இறங்கியிருந்த சாயம் பொடியில் கசிந்து, மயிரிழை போலச் சிவப்புக் கோடு. அப்போதும் நான் நம்பவில்லை; அவரே இடுக்கியில் வைத்து நெரித்திருக்கலாம் அல்லவா? அதே பெட்டியிலிருந்து என் கையால் பத்துப் பின்களை எடுத்து வெளிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். மூன்றில் அதே கோடு. கேமரா மூன்றையும் சரி என்றிருந்தது.

பெட்டிகள் வெளியே போகாமல் நிறுத்தப்பட்டன. அதே வாரம், அனுமதியின்றிப் பொருளை எடுத்ததற்காக அங்கிளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். விதி விதிதான் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. என் விசா அப்போது அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது.

சென்ற மாதம் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அவரைப் பார்த்தேன். நலம் விசாரித்தார். பிறகு, இப்போது சாயம் பூசிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

"ஆமா அங்கிள்."

"ஒவ்வொண்டையுமோ?"

"ஒவ்வொன்னையும்தான்."

அது உண்மை. ஆனால் அவர் என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போட்டு வாறன்" என்று நடந்தார். அவர் நம்பவில்லை.