சிலந்திக்கு என்ன தெரியும்

முப்பத்தொரு வருடம் வேலணையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த ஒவ்வொரு வருடமும் ஒரு சிலந்தியை ஏமாற்றியிருக்கிறேன்.

நிலத்தில் ஓடித் திரியும் ஒருவகைச் சிலந்தி இருக்கிறது. வலை கட்டாது. முட்டைகளை ஒரு வெள்ளைப் பைக்குள் வைத்து, அந்தப் பையை வயிற்றின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு திரியும். பனங்காணிக்குள் காய்ந்த ஓலையைப் புரட்டினால் அகப்படும். அதைப் போத்தலில் பிடித்துவந்து, இடுக்கியால் பையைக் கழற்றிவிட்டு, அதேயளவில் ஒரு பஞ்சு உருண்டையை முன்னால் போடுவேன். கொஞ்ச நேரம் தேடும். பிறகு பஞ்சைத் தடவிப் பார்த்து, அதையே தூக்கி ஒட்டிக்கொண்டு நடக்கும். வகுப்பு சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். இது தாய்ப்பாசம் இல்லை, இயல்பூக்கம், யோசிக்கத் தெரிந்தால் பஞ்சைத் தூக்கிக் காவாது என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதுவேன். பாடம் முடிந்ததும் பையைத் திருப்பிக் கொடுப்பேன். அதையும் சிலந்தி எந்த நன்றியும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற பிறகு இந்த விசயத்தில் என்னோடு வாதாட ஒருவர்தான் மிஞ்சினார். பக்கத்து வீட்டுக்காரர், நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் லோஞ்ச் படகு ஓட்டியவர். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு வருவார். அவருடைய லோஞ்சில் ஒரு சிலந்தி இருந்ததாம். எஞ்சின் தொடங்கினால் மூலைக்குள் ஒதுங்கிவிடுமாம், கரையில் கட்டியதும் வந்து வலையைத் திருத்துமாம். அது கெட்டித்தனம் என்பது அவர் கட்சி. அதிர்வு பட்டால் ஒதுங்கும், அதற்கு மூளை தேவையில்லை என்பது என் கட்சி. தானும் முப்பது வருடம் எஞ்சின் சத்தம் கேட்டுத்தான் எழும்பினவன், அப்ப தனக்கும் மூளை இல்லையோ என்று கேட்பார். உடனே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த நேரத்தில் என் மனைவி பால் விடாத பிளேன்ரீ கொண்டுவருவாள். அவளுக்கு மறதி வந்து மூன்று வருடம். சுடுதண்ணிப் போத்தலை நான் நிரப்பி வைப்பேன். மிச்சமெல்லாம் அவள் கை தானாகச் செய்யும். எங்கள் பக்கத்தில் தேத்தண்ணிக்குள் சீனி போடாமல், பனங்கட்டி, அதாவது கருப்பட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முழுத்துண்டு கொடுப்பாள். எனக்குப் பாதி. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் உடைக்கத் தொடங்கியது அது. அந்தக் காலத்தில் அதற்காக நான் பிடித்த சண்டைகள் கொஞ்சமல்ல.

என் பெயர் அவளுக்கு மறந்துபோய்விட்டது. 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்டவள், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுவதைக் கேட்டு என்னை மாஸ்டர் என்கிறாள். ஆனால் பாதித் துண்டு தவறியதில்லை. அதை நான் நம்பியிருந்தேன்.

லண்டனில் இருக்கும் மகள் தினமும் வீடியோவில் வருவாள். அம்மாவுக்கு உங்களைத் தெரிகிறதா என்று கேட்பாள். நான் ஓம் என்பேன். ஒருநாள், யாழ்ப்பாணத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். எனக்கும் எழுபத்துமூன்று வயது, காலில் ஆறாத புண், தனியே எத்தனை நாள் சமாளிப்பேன் என்று கவலை. அம்மாவுக்கு யாரையுமே தெரியாவிட்டால் அவள் எங்கே இருந்தாலும் ஒன்றுதானே என்றாள். அவள் கெட்ட பிள்ளை இல்லை.

நான் பனங்கட்டிக் கதையைச் சொன்னேன். என்னைத் தெரியாமலா எனக்கு மட்டும் உடைத்துத் தருகிறாள் என்று கேட்டேன்.

"அது பழக்கம், அப்பா," என்றாள் மகள். "நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். பஞ்சைக் காவிக்கொண்டு திரிஞ்ச சிலந்தி ஞாபகமோ?"

அவள் என் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவள். நல்ல மாணவி.

இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். மனைவியை அனுப்பிவிட்டு இந்த வீட்டுக்குள் இருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடம் சோதனை செய்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன், தன் வீட்டில் மட்டும் சோதனைக்குப் பயந்தால் சரியில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம், நீர் இன்றைக்கு என் சாய்மனைக் கதிரையில் இரும், நான் உமது கதிரையில் இருக்கிறேன் என்றேன். பாதித் துண்டு ஆளுக்கா, கதிரைக்கா என்று பார்க்கவேண்டும் என்று விளக்கினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"சிலந்தியைச் சோதிக்கிறது வேறை, அக்காவைச் சோதிக்கிறது வேறை, மாஸ்டர்," என்றார். ஆனாலும் போய் இருந்தார். அந்தக் கதிரை அவருக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு அவள் தட்டத்தோடு வந்தாள். இரண்டு கப், இரண்டு துண்டு, அதில் ஒன்று பாதி. நேரே சாய்மனைக் கதிரைக்குப் போனாள். பாதித் துண்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து முழுத்துண்டைத் தந்தாள்.

ஆக, முடிவு தெரிந்துவிட்டது. மகள் சரி. என் பாடம் சரி. வாழ்க்கையில் முதல்முறையாக என் பாடம் சரியாக இருந்ததற்காக எனக்கு ஆத்திரம் வந்தது.

அவள் வழக்கமாக உடனே குசினிக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த பாதியையே பார்த்துக்கொண்டு இருந்ததைக் கவனித்திருக்கவேண்டும். விருந்தாளி ஏதோ தப்பாக நினைக்கிறார் என்று அவளுக்குப் பட்டிருக்கும். குனிந்து, மெல்லிய குரலில் சொன்னாள்.

"குறை நினையாதேங்கோ. எங்கட ஆளுக்குச் சீனி வருத்தம். முழுசு குடுத்தால் காலிலை புண் மாறாது. கேட்டால் சண்டை பிடிப்பார், ஆனால் பாவம், நல்ல மனுசன். அவர் பாக்கமுதல் நீங்கள் கெதியாச் சாப்பிடுங்கோ."

நான் கெதியாகச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பனங்கட்டி தொண்டைக்குள் சிக்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் தண்ணீர் எடுத்துவரப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர் எழும்பி, பாதித் துண்டைத் தட்டத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனார். வென்றது யார் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு மகளை நானே கூப்பிட்டேன். அம்மாவுக்கு என்னைத் தெரியவில்லை என்றேன். அவள் அழத் தொடங்கினாள்.

"அழாமல் கேள்," என்றேன். "அவ என்ரை முகத்தைத்தான் மறந்தவ. என்ரை வருத்தத்தை மறக்கேல்லை. புண் ஏன் மாறாது எண்டும் அவவுக்குத் தெரியுது. புருசனை இப்பிடிப் பாக்கிற மனுசியை நான் என்னெண்டு கொண்டுபோய் விடுறது?"

மகள் கண்ணைத் துடைத்தாள். இல்லம் வேண்டாம், வீட்டோடு வந்து நின்று அம்மாவைக் கவனிக்க ஒரு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அடுத்த நாள் மூன்றரைக்கே போய் என் கதிரையில் இருந்துகொண்டேன்.