அரபு எழுத்துப் போட்ட அட்டைப்பெட்டி

தேனியில் பெரியகுளம் ரோட்டில் இருக்கும் அந்தக் கடையைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வெளிநாட்டுப் பலசரக்கு, எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலை என்று ஒரு மாடி உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பாரின் கடை என்பார்கள். கடை மேல் தப்பு சொல்ல மாட்டேன். விற்கிறவன் விற்கிறான். எங்களை அங்கே ஓட வைத்தது எது என்று நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். கம்பெனியை இழுத்து மூடிவிட்டு முதலாளி எங்கோ போய்விட்டான் என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போனே இல்லை. நான் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம், வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்த நேரத்தில், கொல்லைக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் மனுஷன் நிற்கிறார். கொச்சியில் இறங்கி, குமுளி வந்து, லோயர் கேம்ப் வழியாகக் கீழே வந்தவர், ஊர் ஸ்டாப்பில் இறங்காமல் பைபாஸிலேயே இறங்கித் திராட்சைத் தோட்டம் வழியாக நடந்து வந்திருக்கிறார். தோளில் ஒரே ஒரு பை. முகம் கறுத்து, தாடி நரைத்துப் போயிருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். உசிரோடு வந்து சேர்ந்தாரே என்றுதான் இருந்தது. சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும், "வாங்க, மாமாவப் பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். மாமா என்றால் என் மாமனார். எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். மாமியார் போன பிறகு கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை.

"வெறுங்கையோடவா போகச் சொல்ற?" என்றார் கணவர்.

எங்கள் ஊரில் பெட்டி பிரிப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால், கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியை அப்பா அம்மா வீட்டு வாசலில் வைத்து, சொந்தபந்தம் சுற்றி நிற்கப் பிரிக்க வேண்டும். பால் பவுடர் டின், ஆரஞ்சுப் பவுடர், பேரீச்சை, தைலம், வாசனை சோப்பு, சாக்லேட் எல்லாம் அதில் இருக்கும். முதல் சாமான் அப்பா கைக்கு. பிறகு வீடு வீடாகப் பங்கு. இத்தனை வருஷமும் என் கணவர் ஒவ்வொரு தடவையும் பெட்டி பிரித்தவர். பெட்டி இல்லாமல் அப்பா முன்னால் போய் நிற்பதாவது என்று உட்கார்ந்துவிட்டார். ஏதாவது வழி பிறக்கும் வரை தான் வந்ததை யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பெரியகுளத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மாமனார் வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, பய போன் பண்ணுனானா?"

"இல்ல மாமா. வேல இருக்கும்" என்றேன். உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தவர் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டார்.

மாமனார் கையில் காகிதப் பொட்டலம் இருந்தது. நெத்திலிக் கருவாடு. சந்தையில் நன்றாக இருந்தது, வாங்கி வந்தேன் என்று நீட்டினார். எனக்குக் கருவாட்டு வாடையே ஆகாது. எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே அது அவருக்குத் தெரியும். வயசாகிறது, மறந்துவிட்டார் போல என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வறுத்துப் போட்டதை என் கணவர்தான் தின்றார். மறுநாள் சாயங்காலமும் வந்தார். அதே கேள்வி, அதே பொய். இந்தத் தடவை சீனி மிட்டாய். எனக்குச் சர்க்கரை வியாதி. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று எரிச்சல் வந்தது. அதற்கு மறுநாள் திரும்பவும் கருவாடு.

நான் தமிழ் டீச்சர். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு வந்து, மகனை உள்ளே வைத்துக்கொண்டு அவரைப் பெற்ற தகப்பனை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கதவைச் சாத்தியதும் உள்ளே போய்க் கத்தினேன்.

"நீங்க என்ன திருடிட்டா வந்தீக? சொந்த வீட்டுல பூனை மாதிரிப் பதுங்கிக் கெடக்கீக. அவுக பெத்த மகன்தான நீங்க? எந்திரிச்சுப் போங்க."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து ஒங்களுக்குச் சோறு போடுதா?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவரிடம் சொல்வது போல, "தேனியில அந்தப் பாரின் கடை இருக்குல்ல" என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்தேன். அவர் மேல் இல்லை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்.

ஆனாலும் சனிக்கிழமை காலையில் பஸ் ஏறியது நான்தான். வேறு யார் போவது? ஒளிந்திருக்கிறவரா போவார்?

வழி நெடுகத் திராட்சைப் பந்தல். பன்னீர்த் திராட்சை கருகருவென்று தொங்குகிறது. வியாபாரி வரவில்லை என்று சில தோட்டங்களில் கொடியிலேயே சுருங்கிக் கிடந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குள் நுழைந்தால், குளிர்ப்பெட்டியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பச்சைத் திராட்சையை அடுக்கி வைத்திருக்கிறான். எந்த நாட்டிலிருந்தோ கப்பலில் வந்ததாம். ஒரு அம்மாள் அதைக் கையில் எடுத்து, "இது பிரஷ்ஷா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். அதனால் அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

கடை உள்ளே நீளமாகப் போகிறது. துருக்கி பிஸ்கட், தாய்லாந்து சாஸ், மூங்கில் தண்டு ஊறவைத்த டின், பெயர் வாயில் நுழையாத நூடுல்ஸ். எல்லாம் மலிவு. எப்படி இவ்வளவு மலிவு என்று ஒரு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதி தேதி பக்கத்தில் வந்து நின்றது. பெரிய ஊர்களில் தேங்கிய சரக்கு இங்கன வந்து இறங்குகிறது போல. அதையும் ஆசையாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான் எடுத்தேன். பால் பவுடர், ஆரஞ்சுப் பவுடர், பாதாம் வைத்த பேரீச்சை, தைலம், சோப்பு, சாக்லேட். கணவர் சொல்லி அனுப்பியதை மனசுக்குள் எண்ணி எண்ணி எடுத்தேன். ஒவ்வொன்றைக் கூடையில் போடும்போதும் எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு வருஷம் வெயிலில் அடுத்தவன் வீட்டு மொட்டை மாடியில் நின்று ஏ.சி. மாட்டிய மனுஷன். அவர் வந்ததற்குச் சாட்சியாக இந்த டின்கள் வேண்டுமாம்.

பில் போடும் இடத்தில் என் வயசுக்காரி ஒருத்தி. குமுளிப் பக்கத்துக்காரி, பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. என் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் எப்ப வந்தாக, சேச்சி?"

கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "யாரு வந்தாக? ஒருத்தரும் வரல."

"இல்ல, பால் பவுடரும் தைலமும் பேரீச்சையும் ஒண்ணா எடுத்தா, வீட்டுல ஆளு வந்திருக்காகன்னு அர்த்தம். விலை ஸ்டிக்கர எடுத்துத் தரவா? எண்ணெ வச்சுத் தொடச்சா அடையாளமே இருக்காது."

அவளாகவே எண்ணெய்த் துணியை எடுத்து, டின்னைக் கவிழ்த்து, துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பெட்டி வேணும்னா பின்னால கெடக்கு, பாருங்க. அரபு எழுத்துப் போட்டது. அதத்தான் எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போறாக."

அவள் கிண்டல் பண்ணவில்லை. கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளுக்கு அது தினப்படி வேலை. எல்லாரும் என்றாளே, அதுதான் என்னைப் போட்டு அறுத்தது. போன கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில், மகன் கொண்டுவந்தான் என்று கொடுத்த சோப்பு டப்பாவின் அடிப்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதை முகர்ந்து பார்த்து, பாரின் வாசனையே தனிதான் என்று சொன்னவள் நான். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இந்தக் கடையில் வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். ஏமாறுவதற்கும் ஆள் இல்லை, எல்லாருக்கும் தெரியும். வெட்கங்கெட்ட ஜனம் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, பின்னால் போய் இருந்ததிலேயே நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்தேன்.

வீட்டில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி டின்களை அடுக்கினார். சாமான்களுக்கு நடுவில் தன் பழைய சட்டையைத் திணித்தார். கயிறு கட்டினார். மேலே பெயரும் விலாசமும் எழுத வேண்டும்.

"நீ எழுது, ஒன் கையெழுத்து அழகா இருக்கும்" என்றார். கறுப்பு மார்க்கரை வாங்கி, இருந்த ஆத்திரத்துக்கெல்லாம் அழுத்தி அழுத்தி எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் பூராவும் மாதா கோயில் பூசைக்குப் போன நேரம் பார்த்து, என் கணவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லை வழியாகத் திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கினார். பைபாஸில் நின்று, கம்பத்திலிருந்து வந்த ஒரு ஆட்டோவைப் பிடித்து, பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது முன்வழியாக ஊருக்குள் வந்தார். நான் கோயில் வாசலில் நின்று ஆச்சரியப்பட வேண்டும். பட்டேன். அந்த நடிப்புக்கு என்னை எந்த நரகத்தில் போட்டாலும் தகும்.

மாமனார் வீட்டு வாசலில் பெட்டி இறங்கியது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் காலைத் தொட்டதும் தலையில் சிலுவை வரைந்தார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மாமனார் குனிந்து பெட்டி மேல் இருந்த எழுத்தை வெகு நேரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் எழுதுகிறவள் நான். அதே கையெழுத்தைப் படித்துவிட்டுத்தான் அத்தனை பேரும் பூசையிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமனார் பெட்டியைத் திருப்பி, எழுத்துப் பக்கம் தன் முழங்காலோடு ஒட்டி இருக்கும்படி வைத்துக்கொண்டார்.

"பிரிடா" என்றார்.

பிரித்தோம். பால் பவுடர் அவர் கைக்குப் போனது. நல்ல டின் என்றார். சோப்பும் சாக்லேட்டும் வீடு வீடாகப் போயின. வாங்கின எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள். பாரின் வாசனையே தனிதான் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

எல்லாரும் போன பிறகு நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். என் கணவருக்கு முகம் தெளிந்திருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மாமனார் டின்னைக் கீழே வைத்தார்.

"கருவாட்டுல உப்புக் கூடவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

என் கணவர் நிமிரவில்லை.

"ஒன்னத்தான்டா கேக்குறேன். மொத நாளு வாங்குனது உப்புன்னு அப்புறந்தான் கடக்காரன் சொன்னான். அதான் அடுத்தாப்புல வேற எடத்துல வாங்குனேன். நீ தோட்டத்து வழியா வந்தன்னைக்கே தண்ணி பாய்ச்சுறவன் வந்து சொல்லிட்டுப் போனான்."

"இல்லப்பா, உப்பு இல்ல" என்றார் என் கணவர்.

"கடலத் தாண்டி வந்திருக்க. ரெண்டு தெருவத் தாண்ட ஒனக்குக் காலு வரல." அவர் சத்தம் போடவில்லை. ஆனால் அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டின்னைக் காலால் தள்ளினார். அது உருண்டு என் காலடியில் வந்து நின்றது. "இந்தப் பால எனக்கு என்னைக்குமே பிடிக்காது. நீ கொண்டாந்தங்கிறதுக்காகக் குடிச்சேன். டப்பாவா கேட்டேன் ஒங்கிட்ட?"

பிறகு என்னைப் பார்த்தார். சொன்னது எங்கள் ரெண்டு பேருக்கும்தான்.

"தெனமும் வாசல்ல வந்து நின்னேன் ஆத்தா. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த வரல."